இரண்டு உத்தரவு, ஒரு மிஷின்

அத்தியாயம் 12

வடிவாய்க்கால் மதகைத் தாண்டியதும் குந்தவை ஸ்கூட்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிய நேரம். இந்நேரம் பெல்ட் மிஷின் செவ்வந்தியின் வயலில் இறங்கியிருக்க வேண்டும். ஈர வயலிலும் இறங்கிக் கதிர் அறுக்கும் அந்த மிஷின் ஓடினால் மருதங்கொல்லை ஊர் முழுக்கக் கேட்கும். இப்போது வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கிழக்கே, நாகப்பட்டினம் பக்கம், வானம் அடிப்பிடித்த பாத்திரம்போல் கறுத்துக் கிடந்தது.

வரப்பில் செவ்வந்தி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் டிராக்டர், சுருட்டி வைத்த தார்ப்பாய்கள், வேலைக்கு வந்த ஆட்கள். யாரும் எதுவும் செய்யாமல் நின்றார்கள்.

"வாங்க மேனேஜரம்மா," என்றாள் செவ்வந்தி. "மிஷின் முன்னாடி வரும், நீ பின்னாடி வருவேன்னு பாத்தா, நீ மட்டும் வர்ற. முந்தானையில முடிஞ்சு எடுத்தாந்திருக்கியா?"

"பிரபு வரலையாக்கா?"

"பிரபுவும் வரல, அவன் நிழலும் வரல. நாகப்பட்டினத்துல தூத்தல் ஆரம்பிச்சிடுச்சாம். என் நாத்தனா போன் பண்ணிச்சு."

குந்தவை வயலைப் பார்த்தாள். வெள்ளைப் பொன்னி. போன வார மழையில் பாதி சாய்ந்துவிட்டது. சாய்ந்த கதிர்கள் ஈர மண்ணைத் தொட்டும் தொடாமலும் கிடந்தன. இன்று இரவு மழை விழுந்தால் வாய்க்கால் தண்ணீர் எதிர்த்து வயலுக்குள் ஏறும். பள்ளமான இந்த வயலில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீரில் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். செவ்வந்தியின் அப்பா கூலிக்கு அறுத்த வயல் இது. செவ்வந்தி இதைக் கிரயத்துக்கு வாங்கி அறுக்கப்போகிற முதல் சம்பா.

குந்தவை, மிஷின் ஓட்டும் பிரபுவுக்குப் போன் செய்தாள்.

"எங்கடா இருக்க?"

"ரோட்டுலக்கா. மிஷினை லாரியில ஏத்திட்டேன். கோவில்வயல் போய்ட்டு இருக்கேன்."

"கோவில்வயலா? அங்க எதுக்கு?"

"அய்யா சொன்னாருக்கா. விடியக்காத்தாலயே ஷெட்டுக்கு வந்துட்டாரு. சம்பந்தி வயல்தான் மொதல்லன்னாரு."

"செவ்வந்தியக்கா வயலுன்னு நேத்து சொன்னேனே?"

"சொன்னீங்கக்கா. அதை அய்யாகிட்டயும் சொன்னேன். குந்தவை சரின்னு சொல்லிட்டான்னாரு. சொல்லலையாக்கா நீங்க?"

 வாய்க்காலில் ஒரு கொக்கு காலை மாற்றி நின்றது.

சொல்லியிருந்தாள்.

நேற்று இரவு சாப்பாட்டின்போது, "நாளைக்கு மிஷின் சம்பந்தி வீட்டுக்குப் போவட்டும்" என்றார் அப்பா. அவள் சோற்றைப் பிசைந்தபடியே "சரிப்பா" என்றாள். பிறகு மாடிக்குப் போய், பிரபுவுக்கு வேறு உத்தரவு போட்டாள்.

அது அந்த வீட்டின் வழக்கம். அப்பா வீரையனுக்கு எதிரே யாரும் "முடியாது" என்று சொல்வதில்லை. அம்மா அமிர்தம் தொடங்கிவைத்த முறை. எருமை வேண்டாம் என்று அவர் சொன்னபோது, "ஆகட்டுங்க" என்றாள் அம்மா. அடுத்த வாரம் கொட்டிலில் எருமை நின்றது. தங்கை வானதியைக் கால்நடை மருத்துவம் படிக்க வெளியூருக்கு அனுப்ப முடியாது என்றார். "ஆகட்டுங்க." விடுதிக்கு அப்போதே பெட்டி போய்ச் சேர்ந்திருந்தது. அவர் சத்தம் போடுவார், ஒரு வேளை சாப்பிட மாட்டார், அப்புறம் அடங்கிவிடுவார். அவருடைய கோபத்தைச் சுற்றி நடந்தே மூன்று பெண்களும் தங்கள் வழியைப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு அது போதும். தொழிலுக்கு?

சித்திரையில் அப்பாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, சென்னையில் சரக்கு லாரிகளை அனுப்பும் கம்பெனியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள் குந்தவை. அறுவடை மிஷின்களை வாடகைக்கு விடும் ஷெட்டின் சாவியைக் கையில் கொடுத்து, "இனிமே நீ பாத்துக்க" என்றார் வீரையன். அவள் வாங்கிக்கொண்டாள். எதை எல்லாம் பார்த்துக்கொள்வது, எது வரைக்கும் தன் சொல், எங்கே அவர் சொல் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சென்னைக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்வது, ஒரு ஆளுக்கு உத்தரவு ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது. சொந்த ஊருக்கு வந்ததும் அதைப் பெட்டியோடு மூடி வைத்துவிட்டாள்.

"பிரபு, லாரியத் திருப்பு. செவ்வந்தியக்கா வயலுக்கு வா."

மறுமுனையில் லாரியின் வேகம் குறைவது கேட்டது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இப்ப திருப்பினா அய்யா கேப்பாரு. போனா நீங்க கேப்பீங்க. நான் ஆத்தூர்லேர்ந்து பொழைக்க வந்தவன். உங்க வீட்டு நெளிவு சுளிவெல்லாம் எனக்குத் தெரியாது. மூணு ரோட்டு டீக்கடையில லாரிய ஓரங்கட்டிட்டு உக்காந்துக்குறேன். ரெண்டு பேரும் வந்து ஒரே பேச்சா சொல்லுங்க."

"டேய், மழை வருதுடா!"

"அது எனக்கும் தெரியுதுக்கா."

போனை வைத்துவிட்டான்.

செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினாள்.

"கார்த்திகை மாசம் உங்க ஷெட்டுல கூட்டம் போட்டப்ப நீதான சொன்ன? பள்ளம் மொதல்ல, மேடு அப்புறம். சொந்தக்காரன்னு யாருக்கும் முந்தி கெடையாதுன்னு? நான்கூடக் கைதட்டினேன். கை நோவு மிச்சம்."

"வருதுக்கா. மிஷின் வரும்."

"வரட்டும். நான் எங்க போவப் போறேன்?"

குந்தவை ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

மூன்று ரோடும் சேருகிற இடத்தில், திருவாரூர் போகிற சாலையை ஒட்டி லாரி நின்றது. அதன் முதுகில் மஞ்சள் நிற பெல்ட் மிஷின். டீக்கடை பெஞ்சில் பிரபு குனிந்து உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த டீயை அவன் குடிக்கவே இல்லை.

அவளுக்கு முன்பே அப்பா வந்திருந்தார்.

வீரையன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கிழக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்த பிறகு சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டது. குந்தவை ஸ்கூட்டியை லாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தாள்.

"பிரபு, வண்டிய எடு," என்றார் அவர்.

"எடுக்குறேங்கய்யா. எந்தப் பக்கம்னு..."

"பக்கம் தெரியாமயா லாரி ஓட்டுற?"

பிரபு குந்தவையைப் பார்த்தான். டீக்கடைக்காரர் அடுப்பின் இரைச்சலைக் குறைத்தார். அவருக்கும் கேட்க வேண்டுமே.

"நேத்து ராத்திரி உன்கிட்ட சொன்னேன்ல?" மகள் பக்கம் திரும்பாமலே கேட்டார் வீரையன்.

"சொன்னீங்கப்பா."

"நீ என்னா சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

 ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. 

"சொல்லிட்டு, பிரபுகிட்ட வேற சொன்னேன்," என்றாள் குந்தவை. "நீங்க கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவர் இப்போதுதான் அவளைப் பார்த்தார். கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. அது அவளைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

"உங்கம்மா பள்ளிக்கூடம். நீங்க 'சரி'ங்கிறது எனக்குப் புரியாதுன்னா நெனச்சீங்க? எருமையக் கட்டினப்பவே புரிஞ்சுபோச்சு. அதனாலதான் விடியறதுக்குள்ள நானே ஷெட்டுக்குப் போனேன்."

அத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் சுற்றி நடந்ததை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்ப கூட்டத்துல நீங்க தலையாட்டினது என்னாப்பா?" அவள் குரல் தானாக உயர்ந்தது. "பள்ளம் மொதல்லன்னு எல்லாரும் பேசினப்ப நீங்களும்தான் தலையாட்டினீங்க."

"அது கூட்டத்துக்கு ஆட்டினது."

"அப்போ நீங்களும் அம்மா பள்ளிக்கூடம்தான்."

பெஞ்சில் இருந்த யாரோ களுக்கென்று சிரித்து, வீரையன் திரும்பியதும் இருமினார்.

அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். லாரியின் மறுபக்கம் நடந்தார். குந்தவை பின்னால் போனாள். பெல்ட்டில் ஒட்டிக் காய்ந்த சேறு உதிர்ந்து கிடந்த இடத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வானதி வேலைக்குப் போறதுக்குச் சம்பந்தி ஒத்துக்கிட்டாருல்ல. எப்படி ஒத்துக்கிட்டாருன்னு நெனக்கிற?"

குந்தவை நிமிர்ந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் வீட்டிலேயே அடைந்து கிடந்த வானதி, ஒரத்தநாட்டில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேர மாமனார் தமிழ்மாறன் போன மாதம்தான் தலையசைத்தார். அன்றைக்கு வானதி போனில் அழுத அழுகை இன்னும் காதில் இருந்தது. வருகிற திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும்.

"நாலு மணி நேரம் அந்த வீட்டுக் கூடத்துல உக்காந்திருந்தேன்," என்றார் வீரையன். "மனுஷன் அசையவே இல்ல. கடைசியில, 'எங்க வயல்ல இந்தத் தைக்கு உங்க மிஷின் மொதல்ல எறங்குமா? போன வருஷம் எங்க பங்காளி வயல் முடிஞ்சப்புறம் அனுப்பினீங்க, ஊருல எனக்குத் தலை எறக்கமாப் போச்சு'ன்னாரு. எறங்கும்னேன். உடனே உள்ள திரும்பி, 'வானதிய வேலைக்குப் போவச் சொல்லு'ன்னாரு. நான் குடுத்த வார்த்தை இதுதான். போதுமா?"

குந்தவை காலடியில் கிடந்த சேற்றுக் கட்டியை ஓரமாகத் தள்ளினாள்.

"இதை என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவர் வெடுக்கென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். பார்வையை விலக்கிக்கொண்டார்.

அவள் போன் அடித்தது. வானதி.

எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடேன்," என்றார் அப்பா. "மிஷினுக்கு மாலை வாங்கி வச்சிருக்காங்களாம். தேங்கா சூடம் எல்லாம் தயாரா இருக்காம். காலையிலேயே எனக்குச் சொன்னா."

"அவங்க வயல் மேடு. சி.ஆர். நெல்லு, குட்டை ரகம், சாயாது. ரெண்டு நாள் மழை பெஞ்சாலும் நிக்கும். செவ்வந்தியக்கா நெல்லு இன்னிக்கு ராத்திரி தாங்காதுப்பா."

"நான் நெல்லப் பத்திப் பேசல. வார்த்தையப் பத்திப் பேசறேன்."

"நானும் வார்த்தையத்தான் பேசறேன். கூட்டத்துல ஊரு முன்னாடி குடுத்ததும் வார்த்தைதான். அது நான் குடுத்தது."

"தங்கச்சிய விட செவ்வந்தி ஒசத்தியாப் போய்ட்டாளா?"

 லாரிச் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். இப்போதும் ஒரு வழி இருந்தது. "சரிப்பா" என்று சொல்லலாம். அவர் வீட்டுக்குப் போவார். அவள் லாரியைத் திருப்பிக்கொண்டு போகலாம். மாலையில் எஞ்சின் மக்கர் செய்தது என்று சம்பந்திக்கு ஒரு பொய் சொல்லலாம். அம்மாவாக இருந்தால் அதைத்தான் செய்வாள், கச்சிதமாகச் செய்வாள், வீடும் அமைதியாக இருக்கும். நாளைக்குப் பிரபு மறுபடியும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஏதோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

"மாட்டேன்பா," என்றாள்.

"என்ன?"

"மிஷினை கோவில்வயலுக்கு அனுப்ப மாட்டேன். சம்பந்திகிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்க மேல வராம சொல்லிக்கிறேன்."

அந்த வீட்டில் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லாத சொல்.  வீரையன் அவளையே பார்த்தார். அடிபட்டவர் மாதிரி இல்லை, தெரியாத ஊரில் வழி கேட்டுவிட்டு நிற்கிறவர் மாதிரிப் பார்த்தார்.  பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, லாரியைச் சுற்றி வந்து மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

குந்தவை டீக்கடைப் பக்கம் வந்தாள்.

"பிரபு, எடு. செவ்வந்தியக்கா வயலு."

"அய்யா ஒண்ணும் சொல்லாமப் போறாருக்கா..."

"இனிமே நான்தான் சொல்வேன். என்ன தப்பாப் போனாலும் நான்தான் கேள்வி வாங்குவேன். உன்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போதுமா?"

பிரபு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

லாரி நகர்ந்த பிறகுதான் அவள் தங்கையைக் கூப்பிட்டாள்.

"அக்கா! எத்தனை தடவை அடிக்கிறது? மிஷின் எங்க வருது? மாமா வாசல்லயே நிக்கிறாரு."

"வரல வானதி. நான்தான் திருப்பிட்டேன். அப்பா இல்ல, நான். மாமாகிட்ட போனைக் குடு, நானே சொல்றேன்."

மறுமுனையில் தூரத்தில் யாரோ தேங்காய் எங்கே என்று கேட்பது மட்டும் கேட்டது.

"அப்பா எதுக்கு வாக்கு குடுத்தாருன்னு உனக்குத் தெரியுமாக்கா?" வானதியின் குரல் மெதுவாக வந்தது.

"இப்பத்தான் சொன்னாரு."

"தெரிஞ்சும் திருப்பினியா?"

"தெரிஞ்சுதான் திருப்பினேன்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். வானதி போனை அணைத்துவிட்டாள்.

உச்சி வேளை ஆகியும் வெயில் இல்லை. மேகத்துக்கு அடியில் வெள்ளை வெளிச்சம் மட்டும் இருந்தது. பெல்ட் மிஷின் செவ்வந்தியின் வயலில் சாய்ந்த கதிர்களைத் தூக்கி விழுங்கிக்கொண்டு ஊர்ந்தது. வரப்போரம் டிராக்டர் நிரம்பி, போய், காலியாகித் திரும்பி வந்தது. ஈர வைக்கோலின் மணம் மூக்கை நிறைத்தது.

"அப்பனை எதுத்துட்டியாமே?" செவ்வந்தி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். செய்தி குந்தவைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. "ராத்திரிக்குச் சோறு உண்டா? இல்லன்னா எங்க வீட்டுக்கு வா. கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்."

குந்தவை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உன் தங்கச்சிக்கு ஒண்ணுன்னா எனக்கு மனசு கேக்காதும்மா," என்றாள் செவ்வந்தி, குரல் மாறி. "ஆனா மிஷினைத் திருப்பி அனுப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன். என் நெல்லு அது."

"சொல்ல வேண்டாங்க்கா."

இருவரும் வரப்பில் நின்று மிஷினைப் பார்த்தார்கள். மூலையில் இன்னும் கொஞ்சம் பாக்கி. காற்று நின்றுவிட்டது. மழைக்கு முன்னால் நிற்கிற காற்று.

அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது.

"குந்தவை, அப்பா அங்க வந்தாரா?"

"இல்லையே. வீட்டுக்குத்தானே வந்தாரு?"

"வந்தாரு. சாப்பிடல. ஷெட்டுப் பக்கம் போனாரு. கொஞ்ச நாழியில ஏதோ சத்தம் கேட்டுது, போய்ப் பாத்தா ஷெட்டு தெறந்து கெடக்கு. பழைய மிஷினைக் காணும்டி."

குந்தவை அம்மாவின் அழைப்பைத் துண்டித்தாள்.

பழைய டயர் மிஷின். வீரையன் முதன்முதலில் வாங்கி, தானே ஓட்டிய மிஷின். ரோட்டில் லாரி இல்லாமலே ஓடும், ஆனால் காய்ந்த வயலில்தான் அது இறங்கும். ஈர மண்ணில் இறக்கினால் ஒரு பக்கம் புதைந்து சாயும். போன வார மழைக்குப் பிறகு இந்தப் பகுதியில் காய்ந்த வயல் ஒன்றுகூட இல்லை, மேடானாலும். அதன் இருக்கைக்கு ஏணி வைத்ததுபோல் செங்குத்தாக ஏற வேண்டும். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மனிதர்.

அப்பாவின் எண்ணை அடித்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. வானதியின் எண்ணை அடிக்கத் தொடங்கும்போதே வானதியின் அழைப்பு வந்தது.

"அக்கா." மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு எஞ்சின் இரைந்தது. அந்த இரைச்சலைக் குந்தவை எங்கிருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள். "அப்பா வந்திருக்காரு. தனியா. மிஷினை வரப்போரமா நிறுத்தியிருக்காரு. மாமா, 'வேண்டாம் சம்பந்தி, கீழ எறங்குங்க'ன்னு கத்துறாரு. அப்பா கேக்க மாட்டேங்கிறாரு. மண்ணு சொதசொதன்னு கெடக்குக்கா. நான் சொன்னா என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறாரு."

"போனை அவர்கிட்ட குடு."

"மேல உக்காந்திருக்காரு. எப்படிக் குடுக்குறது? ஸ்பீக்கர்ல போடுறேன்."

எஞ்சின் சத்தம் பெரிதானது. அதற்கு மேலே அப்பாவின் குரல், கரகரத்து, உரக்க வந்தது.

"யாரு, மேனேஜரா? கேளு. சம்பந்தி நிக்கிறாரு, ஊரு நிக்குது. எல்லாத்துக்கும் இனிமே நீதான சொல்றவ? பிரபுகிட்ட சொன்னியாமே. எனக்கும் சொல்லு. எறக்கவா, வேண்டாமா?"

குத்தலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டும்தானோ என்னவோ. வேண்டாம் என்றால், கொடுத்த வார்த்தையை அவர் ஊர் பார்க்க மகளின் சொல்லுக்காக விழுங்க வேண்டும். பேசாமல் இருந்தால் மிஷின் இறங்கும்.

செவ்வந்தியின் வயலில் பிரபு கடைசித் துண்டை முடித்து மிஷினைத் திருப்பினான். வேலை முடிந்த சைகையாகக் கையைத் தூக்கினான். அவள் கவனிக்கவில்லை.

"எறக்காதீங்கப்பா," என்றாள் குந்தவை. அங்கே நிற்கிற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள். "மாமா, நீங்களும் கேளுங்க. வேண்டாம்னு சொல்றது நான். வார்த்தை தவறினதும் நான். அப்பா இல்ல. இங்க முடிஞ்சிடுச்சு, பெல்ட் மிஷினோட நானே அங்க வர்றேன். நான் வர்ற வரைக்கும் அந்த மிஷின் வயல்ல எறங்கக் கூடாது."

மறுமுனையில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.

பெரிதாக ஒரு மழைத்துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது. அடுத்தது செவ்வந்தியின் தார்ப்பாயில் விழுந்து தட்டியது.

போனில் எஞ்சின் சத்தம் நிற்கவில்லை.